ஜன்னலில் சுங்குடி

ராதாவால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏற முடிந்தது. நான்காவது படியில் படிக்கட்டு வளைந்தது. பெட்டி வளையவில்லை.

மொன்றியலில் வீட்டுக்குள் இருக்கவேண்டிய மாடிப்படியைக் கொண்டுவந்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள். இரும்புப் படி. முறுக்கு பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போகிறது. மதுரையில் முப்பது வருஷமாகச் சுங்குடிப் புடவை விற்கிற ராதாவுக்கு, ஒரு பொருளை ஏன் வெளியே மாட்டுவார்கள் என்று தெரியும். போகிறவர் நின்று பார்க்க வேண்டும். நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. கையில் இருபத்து மூன்று கிலோ இல்லாமல் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும்.

போன் சிணுங்கியது. டொரன்டோவிலிருந்து மகன் மகிழன்.

"ரூமுக்குப் போயிட்டியாம்மா?"

"வாசல்ல நிக்கிறேன்டா."

"எட்டு மணிக்கு வீடியோ கால். ரூமைச் சுத்திக் காட்டணும். கோளாறுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, அப்பவே காரை எடுத்துடுவேன். ஆறு மணி நேரம்தான். ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டு வந்துடுவேன்."

"ஒரு கோளாறும் இல்ல. வை."

இந்த நாலு நாளை அவள் சும்மா வாங்கவில்லை. மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "தனியா எங்கயாவது போயிட்டு வர்றேன், பத்து நாள்" என்றாள். "ஒரு நாள் போயிட்டு வா" என்றான் அவன். மூன்று நாள் இழுபறி. ஒருமுறை சாப்பாட்டு மேஜையிலிருந்து பாதியில் எழுந்து போய்க்கூடக் காட்டினாள். கடையை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால்தான் விலை இறங்கும் என்பது அவள் தினமும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிற வித்தை. கடைசியில் நாலில் முடிந்தது. "எங்க வீட்டுல இவரை இந்த அளவுக்கு ஏத்தினவங்க நீங்கதான் அத்தை" என்று மருமகள் ஹர்ஷினியே கையைக் குலுக்கினாள்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ராதா ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. எத்தனை மணிக்கு எழுவது, எந்தத் தெருவில் திரும்புவது, மத்தியானம் தூங்குவதா வேண்டாமா என்பதை ஒருவரிடமும் கேட்காமல் நாலு நாள். அதற்காகத்தான் இந்தப் பெட்டியும் இந்தப் படியும்.

முதலில் மேலே போய்க் கதவைத் திறந்துவைப்போம், பிறகு யாரையாவது கூப்பிட்டுப் பெட்டியை ஏற்றுவோம் என்று முடிவுசெய்தாள். பெட்டியை நடைபாதை ஓரமாக, மரத்தடியில் நிறுத்தினாள். கைப்பையிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர்க்காரி. துண்டு கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். கலெக்டரே ஏறினாலும் நின்றுகொண்டுதான் போகவேண்டும்.

மேலே கதவில் தொங்கிய சாவிப் பெட்டி, வாடகைக்கு விட்டவர் அனுப்பிய எண்ணுக்குச் சரியாகத் திறந்தது. அறை சின்னது, சுத்தமானது. கட்டில், மேசை, ஒரு நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு தடவை அதில் உட்கார்ந்துபார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

பெட்டியைக் காணவில்லை.

மரத்தை ஒருமுறை சுற்றிவந்தாள். கீழ்வீட்டு முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"என்ன தேடுறியள்?" என்றார் யாழ்ப்பாணத் தமிழில்.

"இங்க ஒரு நீலப் பெட்டி வச்சேன்..."

"ஓம், இருந்தது. கொண்டு போட்டினம்."

"யாரு?"

"ஒரு பெடியனும் பெட்டையும். நல்ல மரியாதையான பிள்ளையள். எடுக்கலாமோ எண்டு என்னட்டைக் கேட்டவை. நான் ஓம் எண்டனான்."

"என் பெட்டிக்கு நீங்க எப்படிக்கா ஓம் சொன்னீங்க?"

"உங்கட பெட்டி எண்டு ஆர் கண்டது? மேல்வீட்டு ஆக்கள் எறிஞ்சது எண்டெல்லோ நினைச்சனான்."

"மேல துண்டு போட்டிருந்தேனே."

"அதையும் கேட்டவை. அது குடுக்கேலாது எண்டிட்டன்." அம்மாள் மடியிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார். "நல்ல துண்டு. நிலம் துடைக்க எண்டு எடுத்து வைச்சனான். இந்தாங்கோ."

அவர் பெயர் ஞானாம்பிகை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இதே வீட்டில் இருபத்தாறு வருஷம். பெட்டி இந்தப் பெண்ணுடையது, இவள் இன்றைக்குத்தான் ஊருக்கு வந்திருக்கிறாள், அதுவும் தனியாக என்று தெரிந்ததும் முருங்கையிலையைக் கீழே வைத்தார்.

"இண்டைக்கு ஜூலை ஒண்டெல்லோ. இஞ்ச முக்கால்வாசி வீட்டு வாடகைச் சீட்டும் ஒரே நாளில முடியும். ஊரே வீடு மாறும். வேண்டாததை ரோட்டில வைப்பினம், வேணுமெண்டவை எடுப்பினம். மற்ற இடமெல்லாம் கனடாவுக்குப் பிறந்தநாள் எண்டு கேக் வெட்டுவினம். இஞ்ச ஃப்ரிட்ஜ் தூக்குவினம். என்ர சோபா, மேசை, அலுமாரி எல்லாம் ஜூலை ஒண்டுதான்."

"அவங்க எந்தப் பக்கம் போனாங்க?"

"அந்தப் பக்கம். சைக்கிளுக்குப் பின்னால வண்டில் கட்டி. மெல்லமாத்தான் போயினம், கெதியா நடவுங்கோ தங்கச்சி."

ராதா நடந்தாள். வரும்போது பெட்டியை இழுக்கிற கவலையில் தெருவைப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். நடைபாதை முழுக்கக் கட்டிலும் மெத்தையும் பீரோவும். ஒருவன் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு போனான். ஒருத்தி சறுக்குப் பலகை மேல் வாஷிங் மெஷினை ஏற்றி, அதற்கு நல்ல வார்த்தை சொல்லித் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டாம் மாடியிலிருந்து கயிறு கட்டி ஒரு பியானோவை இறக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு அதைப் பார்த்தார்கள்.

போகிக்குப் பழையதை எரிக்கிற ஊரை ராதாவுக்குத் தெரியும். எரிக்காமல் அடுத்தவனுக்கு விட்டுவைக்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறாள். விலை இல்லை, பேரம் இல்லை, பில் இல்லை. அவளுக்குள் இருந்த வியாபாரி மூச்சுத் திணறினாள். அவளுக்குள் இருந்த மனுஷி, 'நல்லாத்தான் இருக்கு' என்றாள்.

மூன்றாவது தெரு முனையில், ஒரு லாரிக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக நீலப் பெட்டி நின்றது.

கிட்டே போய்ப் பார்த்தாள். அதே நீலம், அதே உயரம். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. திறந்து பார்க்கலாம். ஆனால் நடுத்தெருவில் பெட்டியைத் திறந்து தன் உள்பாவாடைகளை ஊருக்குக் காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. தெருவில் இருப்பது ஊருக்கு என்றால், அது எனக்கும்தானே. இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முன்னைவிடக் கனமாக இருப்பதாகத் தோன்றியது. களைப்பு என்று நினைத்தாள்.

படிக்கட்டின் கீழே வந்து நின்றபோது, ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு இளைஞர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். படியைப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு, பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, "போன் சொவாரே" என்று பிரெஞ்சில் மாலை வாழ்த்துச் சொல்லி இறங்கினார்கள். அதற்குள் ஒரு பெரியவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

ராதா கதவைச் சாத்திப் பெட்டியைத் திறந்தாள்.

முதலில் வாடை வந்தது. பிறகு ஒரு முழங்கால் கவசம் வந்தது. அதன்பின் தோள் கவசம், தடித்த கையுறை, அடியில் பிளேடு வைத்த பூட்ஸ், ஒரு சீசன் முழுக்க நனைந்து காய்ந்து நனைந்த காலுறைகள். யாரோ ஒரு பீமன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அவன் உடுப்பை ராதா திருடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மணி ஆறரை.

பெட்டியை ஒரு படி ஒரு படியாகச் சறுக்கி இறக்கினாள். கீழே ஞானாம்பிகை நிமிர்ந்து பார்த்தார்.

"கிடைச்சிட்டுதே?"

"இது வேற ஆளோடதுக்கா."

"அப்ப அப்பிடியே ரோட்டில விடுங்கோ. ஆரும் எடுப்பினம்."

"இல்லக்கா. அடுத்தவன் சரக்கு."

"திருப்பிக் குடுக்கப் போறியளோ? ஜூலை ஒண்டில திருப்பிக் குடுத்த முதல் ஆள் நீங்கதான்."

லாரி இன்னும் நின்றது. அதன் பின்பலகையில், தாடி வைத்த ஒரு மலை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. ராதா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்பை மனசுக்குள் கோத்துக்கொண்டே போனாள். பெட்டியைப் பார்த்ததும் மலை எழுந்தது. ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டது. பிறகு அவளையும் கட்டிக்கொண்டது.

"சாரி, நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

"நீங்கள் எடுத்து வந்தீர்கள், ஆமாம், மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னான் அவன். யாரோ திருடியதை இவள் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவன் தீர்மானித்துவிட்டான். உண்மையை மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவளுடைய அடக்கத்தை அவன் பாராட்டினான். அவன் நண்பர்கள் ஐந்து பேர் வந்து கைகுலுக்கினார்கள். தன் பெட்டியும் காணாமல்போன கதையைச் சொன்னதும், மலை நெஞ்சில் கைவைத்தது. லாரியில் ஏறுங்கள், தெருத் தெருவாகப் போய்த் தேடுவோம், வழியில்தான் என் புது வீடு என்றது.

ராதா லாரியின் முன்சீட்டில் ஏறினாள். மடியில் ஒரு மேசை விளக்கை வைத்தார்கள்.

லாரி இரண்டு தெரு போயிருக்கும். புது வீடு வந்துவிட்டது. அந்த ஊரில் அன்றைக்கு ஒரு சட்டம் இருந்தது. கை காலியாக நிற்கிறவர் கையில் ஏதாவது ஒன்று வரும். லாரியிலிருந்து வாசல் வரை வரிசை நின்றது. அந்த வரிசையில் ராதா நாலாவது ஆள் ஆனாள். அட்டைப்பெட்டி, தலையணை, வாணலி, ஒரு கள்ளிச்செடி. வலக்கையில் வாங்கி இடக்கையில் கொடுத்தாள். ஒருவரும் அவளை யாரென்று கேட்கவில்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ஏன் தனியாக வந்தீர்கள், ஒன்றும் இல்லை. கள்ளிச்செடியைப் பிடிக்கும்போது மட்டும், "பத்திரம்" என்றார்கள்.

உதவிக்கு வந்தவருக்குப் பீட்சாவும் பீரும் தருவது வழக்கமாம். சீஸ் மட்டும் போட்ட துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பீரை வேண்டாம் என்று சொல்வதற்குள் கையில் வைத்துவிட்டார்கள். அப்போது மகிழனிடமிருந்து செய்தி.

'ஒரு போட்டோ அனுப்பும்மா.'

பீர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, அழகாக இருந்த ஒரு மேப்பிள் மரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது.

"அம்மா, என்ன ஏரியா அது? ரோட்டுல மெத்தை கிடக்கு. அதுல ஒருத்தன் படுத்திருக்கான்."

"ஃபர்னிச்சர் மார்க்கெட்டுடா. படுத்துப் பாத்துத்தான் வாங்குவாங்க."

"மூணு மெத்தைல மூணு பேர் படுத்திருக்காங்க."

"நல்ல வியாபாரம்."

"நான் வேணா கிளம்பட்டுமா?"

"டேய், எட்டு மணிக்குத்தானே காட்டணும். எட்டுக்குக் காட்டுறேன்."

வைத்தாள். மணி ஏழே முக்கால். பெட்டி இல்லை. அறைக்குத் திரும்பவே கால் மணி நேரம் ஆகும். வெறும் அறையைக் காட்டினால், 'பெட்டி எங்க?' என்பதுதான் அவன் கேட்கிற முதல் கேள்வியாக இருக்கும். மாலை ஏழே முக்காலுக்கு வெயில் இன்னும் மாடி ஜன்னல்களில் தகதகத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வெளிச்சத்தை விட்டுவிட்டு, ராத்திரியோட ராத்திரியாகக் காரின் பின்சீட்டில் டொரன்டோவுக்குத் திரும்ப வேண்டுமா? அவள் அண்ணாந்து பார்த்தாள்.

எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒரு மெரூன் சுங்குடி ஆடியது.

நாற்பது அடி தூரத்திலும் முடிச்சின் நெருக்கத்தை வைத்துத் முடிச்சுப் போட்டவர் பெயர் சொல்லக்கூடியவள் ராதா. அது அவளுடைய புடவை. பக்கத்து ஜன்னலில் பச்சை. அதுவும் அவளுடையது.

பீரை மலையிடம் கொடுத்துவிட்டு, பீட்சாவோடு தெருவைக் கடந்து, முறுக்குப் படியில் நிற்காமல் ஏறிக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பின்னால் ஒரு நெட்டைப் பையன் மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"அது என் புடவை" என்றாள் ராதா, ஜன்னலைக் காட்டி.

அந்தப் பெண்ணின் பெயர் செலீன். விஷயம் புரிந்ததும் அவள் முகம் காதுவரை சிவந்தது. அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். கீழ்வீட்டு அம்மா சொன்னதால்தான் எடுத்தோம், இதோ எல்லாவற்றையும் மடித்துத் தந்துவிடுகிறோம், பெட்டியை நாங்களே தூக்கிவந்து உங்கள் மாடியில் வைக்கிறோம் என்றாள்.

கோபப்பட ராதா தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மணி நேரம் முன்பு குடிவந்த வீடு. சுவரில் அவளுடைய மீனாட்சி படம், சரியான உயரத்தில். அலமாரியில் அவளுடைய பருப்புப்பொடி டப்பாக்கள், பெரியதிலிருந்து சின்னதுவரை. எவர்சில்வர் டம்ளரில் ஏதோ காட்டுப்பூ. ஜன்னலில் புடவையைச் சும்மா தொங்கவிடவில்லை. மடிப்பு மடிப்பாகப் பிடித்து, கரை கீழே வரும்படி மாட்டியிருந்தாள். கடைப் பெண்களுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தும் ராதாவால் வரவழைக்க முடியாத மடிப்பு.

"யார் சொல்லிக்கொடுத்தாங்க உனக்கு?"

"யாரும் இல்லை. துணியே இப்படித்தான் விழுவேன் என்றது."

"நீ மதுரையில பிறந்திருக்கணும்."

போன் அடித்தது. எட்டு ஆக ரெண்டு நிமிஷம். அவன் எப்போதும் ரெண்டு நிமிஷம் முன்னதாகத்தான் அடிப்பான்.

ராதா ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய படம், அவளுடைய டப்பா, அவளுடைய புடவை. இதைவிட அவளுடைய அறையாக எந்த அறையும் இருக்க முடியாது. வீடியோவைத் திறந்தாள்.

"எங்கம்மா இருக்க?"

"ரூம்லதான்டா. நல்லாப் பாரு." போனை மெல்லச் சுற்றினாள்.

"கர்ட்டன் நம்ம கடைச் சுங்குடி மாதிரியே இருக்கு."

"மாதிரி என்ன, அதேதான். வெயில் அடிச்சுது, மாட்டிட்டேன்."

"அதுக்குள்ள படம் வேற மாட்டியிருக்க?" பின்னால் நெட்டையன் மெத்தையோடு குறுக்கே போனான். "அது யாரு?"

"மெத்தை சரியில்லன்னேன். மாத்திக் குடுக்கிறாங்க."

"சொன்ன உடனேயா?"

"சொல்ற விதத்துல சொன்னாக் குடுப்பாங்க."

செலீன் எட்டிப் பார்த்து, "போன்ஜூர்" என்று கையசைத்தாள்.

"இவங்க?"

"வீட்டுக்காரப் பொண்ணு. செலீன்." அந்த அழைப்பில் அவள் மகனிடம் சொன்ன முதல் முழு உண்மை அது.

மகிழன் நீளமாக மூச்சுவிட்டான். "அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாலு நாளும் அங்கயே இருந்துக்குவேல்ல?"

"இருப்பேன்."

"நடுவுல கிளம்பி வந்துடமாட்டியே?"

"வானமே இடிஞ்சாலும் வரமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடா." ராதா மனசுக்குள் கல்லாவைச் சாத்தினாள். நாலு நாளும் கைக்கு வந்துவிட்டன. பீட்சாவைக்கூட ஒரு கடி கடித்தாள்.

அப்போது திரையில், மகிழனுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. நேற்றுவரை ஒரு மாதமாக அவள் படுத்திருந்த அறையின் கதவு. ஈரத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்தவள் ஹர்ஷினியின் அம்மா. டாலஸில் இருப்பதாக ராதா நம்பிக்கொண்டிருந்த சம்பந்தி. கல்யாண மண்டபத்தில் பாயசத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு பாத்திரம் வீசுவதில் போய் முடிந்த பிறகு, இந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்க இரண்டு வருஷமாக யாரும் துணிந்ததில்லை.

மகிழன் போனை அணைக்கப் பார்த்தான். அதற்குள் சம்பந்தி திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி? நீங்க எங்க திரும்பி வந்துடுவீங்களோன்னு மத்தியானத்துலேருந்து மாப்பிள்ளை ஒரு வாய் சாப்பிடல. எனக்கு டிக்கெட் போட்ட அன்னைக்கே, 'நாலு நாள் நிம்மதியா வந்து இருங்கத்தை, அம்மா பத்து கேப்பாங்க, நான் ஒண்ணுல ஆரம்பிச்சு நாலுல கொண்டாந்து நிறுத்திடுறேன்'னு சொன்னவராச்சே."